பாயி அலையச் சென்சர்: சூடாக்காமலே மீடிறன் ஏறுது

வளிவழி:
தாரை (ஜெட்) எஞ்சினில் வாயுவின் வெப்பநிலையை அளக்கிற பாயி அலையத்துக்கு (உள்ளே பாயிற வாயுத்தாரை இரண்டு பக்கமும் மாறி மாறி ஆடுற கருவி) ஒரு மாதிரி, கிளிநொச்சி அறிவியல்நகர் ஆய்வுகூடத்தில் ஓடுது. 1 சதுர மி.மீ. நொசில், எதிரே தாரையைப் பிரிக்கிற கூரிய பிளவி, இரண்டு பக்கமும் பரிவறை (அமுக்க அலை அதிருற அறை), அக்கிரிலிக் உடல். மீடிறன் (செக்கனுக்கு எத்தனை ஆட்டம்) தனிவெப்பநிலையின் (கெல்வின்) வர்க்கமூலத்தோட தானே மாறவேணும்? கொம்பிரசர் அமுக்கத்தைக் கூட்டினாலே ஏறுது. எங்க பிழை?

கோண்டாவில் தாரை:
வெளிவாயில் அகலமாக இருக்கு, அதுதான். தாரை பிளவிக்குப் போற நேரமும் அமுக்க அலை திரும்பி நொசிலடிக்கு வாற நேரமும் சேர்ந்துதான் மீடிறன். அலை ஒலிவேகத்தில் வரும், அதில் சிக்கலில்லை. தாரையின் வேகமோ அமுக்கத்தோட ஏறும், அப்ப கருவி வெப்பநிலையை விட்டு ஓட்டத்தை அளக்கிற ஓட்டமானியாகிவிடும்.

வெளிவாயிலில் 0.7 சதுர மி.மீ. துளை போட்டுத் தொடங்குங்கோ. அதுக்கு முன்னால் இருக்கிற தனியமுக்கம் (வெற்றிடத்திலிருந்து கணக்கிட்ட அமுக்கம்) வெளியமுக்கத்தின் 1.9 மடங்கைத் தாண்டினால் துளையில் ஓட்டம் ஒலிவேகத்தைத் தொட்டு நிக்கும். பிறகு உள்ளே மாக் எண் (ஓட்டவேகத்தை ஒலிவேகத்தால் பிரிச்சது) மாறாது. தாரையின் வேகமும் ஒலிவேகத்தோடயே கூடிக் குறையும். மானியில் (வெளியமுக்கத்துக்கு மேல காட்டுறது) 30 பி.எஸ்.ஐ. போதும். 40க்கு ஏத்திப் பாருங்கோ, மீடிறன் அசையக்கூடாது.

வளிவழி:
நன்றி அண்ணை. ஹொட் எயார் கன்னால் சூடாக்கலாமோ?

கோண்டாவில் தாரை:
ஏலாது தம்பி. அதின்ர விசிறிக்கு அந்த அமுக்கம் வராது. கொம்பிரசர் வளியை ஸ்டெயின்லெஸ் குழாய்ச் சுருளுக்குள்ளால விட்டு, சுருளை வெளியிலிருந்து சூடாக்குங்கோ. அக்கிரிலிக் 100 பாகை செல்சியசுக்குக் கிட்ட இளகும், உடலையும் ஸ்டெயின்லெஸ்ஸில் வெட்டுங்கோ. தாங்கித் தண்ணியை முதலே வடியுங்கோ. நொசிலில் ஒரு துளி நிண்டாலும் அலைவு அறுந்துபோகும்.

காமா:
கணக்கிலயும் கவனம். 300 கெல்வினில் ஒலிவேகம் செக்கனுக்கு 347 மீற்றர். 1200இல் இரட்டிப்பாகி 694 வரும் எண்டு நினைப்பம், ஆனால் ஒலிவேகத்தைத் தீர்மானிக்கிற வளியின் தன்வெப்ப விகிதம் (மாறா அமுக்கத்தில் உள்ள தன்வெப்பத்தை மாறாக் கனவளவில் உள்ளதால் பிரிச்சது) 1.4இலிருந்து ஏறக்குறைய 1.32க்கு இறங்குவதால் 674தான். திருத்தாமல் விட்டால் 1200ஐ 1130 எண்டு காட்டும். எஞ்சினில் எரிந்த வாயுவுக்கு இந்த விகிதம் எரிபொருள் அளவோடயும் மாறும். மீடிறனில் 1 வீதப் பிழை வெப்பநிலையில் 2 வீதம், 1200 கெல்வினில் 24 கெல்வின்.

சுவர் சூடேறும் வரைக்கும் வாயு வெப்பத்தை இழந்துகொண்டே போகும். முதல் வாசிப்பை நம்பாதேங்கோ. மீடிறன் நிலையாக நிண்டபிறகு வெப்பவிணையோட (இரண்டு உலோகக் கம்பி சேர்ந்த வெப்பமானி) ஒப்பிடுங்கோ. மீடிறனை அளக்கிற ஒலிவாங்கியை நுண்குழாயின் நுனியில் வைத்தால் அந்தக் குழாயின்ர பரிவையும் பாருங்கோ: ஒரு முனை மூடின 10 செ.மீ. குழாய் அறைவெப்பத்தில் 870 ஹேட்ஸ் அளவில் தானே ஒலிக்கும்.