தாசில்தாரை ஒப்படைப்பது குறித்து

குழு: நங்கநல்லூர் குடும்பம்
குழு விளக்கம்: இங்கே எழுதுவோர் முழு வாக்கியத்தில், பிழையின்றி எழுத வேண்டும். – கனகா

சுந்தர் அண்ணா, காலை 6:48
அனைவருக்கும் வணக்கம். வீட்டை இடித்துக் கட்டப்போகிறவரிடம் இம்மாதம் 30ஆம் தேதி சாவியைக் கொடுக்க வேண்டும். அம்மா 28ஆம் தேதியே என்னுடன் பெங்களூரு வந்துவிடுவார். பீரோ, அண்டா, பூஜை சாமான் எல்லாவற்றுக்கும் வழி செய்தாகிவிட்டது. தாசில்தாருக்கு மட்டும் இன்னும் வழி பிறக்கவில்லை. யோசனை சொல்லுங்கள்.

மூர்த்தி சித்தப்பா, காலை 6:55
முதலில் ஒன்றைப் பதிவு செய்துவிடுகிறேன். அந்த ஆமைக்கு என் அண்ணா, அதாவது சுந்தரின் அப்பா, இந்தப் பெயரை வைத்தது, நான் துணைத் தாசில்தாராக இருந்த காலத்தில். நான் ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆன பிறகும் அந்தப் பெயர் இங்கே புழங்குவது எனக்கு வருத்தமே.

கார்த்திக், காலை 6:57
அது கோப்பு நகரும் வேகத்தைப் பார்த்து வைத்த பெயர், மாமா. உங்களைப் பார்த்து வைத்ததில்லை.

கனகா அத்தை, காலை 7:10
ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று 2007இலேயே சொன்னேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறு ஆண்டே அண்ணாவின் அச்சகம் மூடப்பட்டது.

சரோஜா பெரியம்மா, காலை 7:21
அச்சகம் மூடியதற்கு ஆமை காரணமில்லை, கனகா. வாங்கிய பணத்தைச் சிலர் திருப்பித் தராததுதான் காரணம். அவர்கள் இந்தக் குழுவிலேயே இருக்கிறார்கள்.

நான், காலை 7:22
பெரியம்மா, அத்தை, ஆமையைப் பற்றி மட்டும் பேசுவோமே. இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது.

கார்த்திக், காலை 7:30
ஏதாவது கோயில் குளத்தில் விட்டுவிடலாமே.

நான், காலை 7:34
அது நட்சத்திர ஆமை, கார்த்திக். நிலத்தில் வாழ்வது, நீந்தத் தெரியாது. குளத்தில் விட்டால் மூழ்கித்தான் போகும்.

கனகா அத்தை, காலை 7:40
ஆந்திராவில் ஸ்ரீகூர்மம் கோயிலில் இதே இன ஆமைகளை வைத்துப் பராமரிக்கிறார்கள். பெருமாளே கூர்ம வடிவில் இருக்கும் தலம். அங்கே கொண்டுபோய் விட்டால் புண்ணியமாவது சேரும்.

சுந்தர் அண்ணா, காலை 7:43
அத்தை, வீட்டுக்குள் வந்தால் அபசகுனம், கோயிலுக்குள் போனால் அவதாரம் என்பது எப்படிப் பொருந்தும்?

கார்த்திக், காலை 7:46
அப்படியென்றால் கிண்டி தேசியப் பூங்கா. அங்கே இயற்கையாகவே நட்சத்திர ஆமைகள் உண்டு. இரவில் மதிலோரமாக விட்டுவிட்டு வந்தால் யாருக்கும் தெரியாது.

நான், காலை 7:58
அதைவிடப் பெரிய கெடுதல் வேறில்லை. 18 ஆண்டுகள் மனிதர் வீட்டில் வளர்ந்த ஆமையிடம் என்ன நோய் இருக்கிறது என்று வெளிப்பார்வைக்குத் தெரியாது; ஒன்றை விடப்போய் அங்கே இருப்பவற்றுக்கெல்லாம் தொற்றிவிடும். மேலும் இது எந்த ஊர்க் காட்டில் பிடிக்கப்பட்டது என்பதே நமக்குத் தெரியாது. ஆந்திர – கர்நாடக எல்லைப் பகுதியிலுள்ள ஒரே ஒரு மையத்திலிருந்து மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் பிடித்துக் கடத்தப்படுவதாக 2015இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நம்முடையதும் அப்படி ஏதோ ஒரு சாக்கில் வந்ததாகத்தான் இருக்கும். வனத்துறையிடம் ஒப்படைப்பது ஒன்றே சரியான வழி.

மூர்த்தி சித்தப்பா, காலை 9:05
வித்யா சொல்வதே சரி. சட்டத்தைப் புரட்டிப் பார்த்ததை எழுதுகிறேன்; பொறுமையாகப் படிக்கவும். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் நட்சத்திர ஆமை முன்பு நான்காம் அட்டவணையில் இருந்தது. 2022இல் நிறைவேறி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால், அது புலியும் யானையும் இருக்கிற முதல் அட்டவணைக்கு ஏற்றப்பட்டுவிட்டது. முதல் அட்டவணை உயிரினம் தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. நான்காம் அட்டவணையில் இருந்தபோதும் வீட்டில் வளர்க்க உரிமை இருந்ததில்லை. ஆகவே ‘அப்போது தவறில்லையே’ என்று யாரும் வாதாட வேண்டாம். 39ஆம் பிரிவின்படி இப்படிப்பட்ட உயிரினம் அரசின் உடைமை. கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ உரிய அலுவலரிடமோ தெரிவித்திருக்க வேண்டும்.

கார்த்திக், காலை 9:07
48 மணி நேரத்தில் சொல்ல வேண்டியதை 18 ஆண்டு கழித்துச் சொல்கிறோம். பெயருக்கு ஏற்ற வேகந்தான்.

மூர்த்தி சித்தப்பா, காலை 9:09
இதற்குத்தான் நான் எதையும் எழுதுவதில்லை.

சுந்தர் அண்ணா, காலை 9:20
சிறை என்று படித்ததும் அம்மாவுக்குப் படபடப்பு வந்துவிட்டது. சித்தப்பா, தோட்டத்துக்குள் தானாக வந்து புகுந்தது என்று மனுவில் எழுதினால் என்ன?

கனகா அத்தை, காலை 9:24
தானாகப் புகுந்தது என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் பழமொழி மெய்யாகிவிடும்.

நான், காலை 9:31
பொய் வேண்டாம், அண்ணா. அதன் ஓட்டைப் பார்த்தாலே வீட்டில் வளர்ந்தது என்று தெரிந்துவிடும். காட்டில் புல்லையும் இலையையும் மேய்ந்து வளரும் ஆமைக்கு ஓடு ஓரளவு சீராக இருக்கும். நம்முடையதற்கு ஒவ்வொரு கட்டமும் சிறு கோபுரம்போலப் புடைத்து நிற்கிறது. நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் வெயிலும் போதாமல் வளர்ந்தால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். என்ன கொடுத்தோம், எத்தனை நாள் கொடுத்தோம் என்பதை மறைக்காமல் எழுதிக் கொடுத்தால்தான் வாங்கிக்கொள்கிறவர்கள் அதற்கேற்ப உணவை மாற்ற முடியும்.

சரோஜா பெரியம்மா, காலை 9:52
தயிர் சாதமும் வாழைப்பழமும் கொடுத்தேன். அவருக்கு வைத்ததில் ஒரு பிடி எடுத்து வைப்பேன். கெடுதல் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. செம்பருத்தி இலையும் கொடுத்திருக்கிறேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான், காலை 9:55
உங்களைக் குறை சொல்லவில்லை, பெரியம்மா. நீங்கள் கொடுத்த செம்பருத்தி இலைதான் அதை இத்தனை ஆண்டுகள் காப்பாற்றியிருக்கும். நீங்கள் அனுப்பிய படங்களை என் தோழியான கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். அடி ஓடு தட்டையாகவும் வால் குட்டையாகவும் இருப்பதால், அது பெண் ஆமை என்கிறாள்.

கார்த்திக், காலை 9:56
மாமா, இனி நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

சுந்தர் அண்ணா, காலை 10:15
முட்டுக்காட்டைத் தாண்டி வடநெம்மேலியில் இருக்கும் முதலைப் பண்ணையில் ஆமைகளும் உண்டே. நேராக அங்கேயே கொடுத்துவிட முடியாதா?

மூர்த்தி சித்தப்பா, காலை 10:28
முடியாது. முதல் அட்டவணை உயிரினத்தை நீ காரில் வைத்து எடுத்துப் போவதே அனுமதி வேண்டிய காரியம். வழியில் யாராவது நிறுத்தினால் ஒப்படைக்கப் போகிறேன் என்று சொல்ல உன் கையில் ஒரு தாளாவது இருக்க வேண்டும். முதலில் கிண்டியில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் மனு. அவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்களா, நாம் கொண்டுபோக வேண்டுமா என்பதை அவர்கள் சொல்லட்டும். எங்கே வைப்பது என்பதும் அவர்கள் முடிவு. நமக்கு வேண்டியது ஒப்புகைச் சீட்டு. அது இல்லாமல் ஆமை வாசல்படி தாண்டக்கூடாது. மனுவை எழுதிவிட்டேன், இரண்டரைப் பக்கம் வந்திருக்கிறது. இரண்டு இடங்களை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்: மனுதாரர் யார், ஆமையைக் கொண்டுவந்தவர் யார்.

கனகா அத்தை, காலை 10:33
கொண்டுவந்தது அண்ணாதானே? போய்ச் சேர்ந்தவர்மேல் வழக்கு வராது.

சரோஜா பெரியம்மா, காலை 10:47
அவர் கொண்டுவரவில்லை.

சுந்தர் அண்ணா, காலை 10:48
நானும் இல்லை, அத்தை.

கனகா அத்தை, காலை 10:49
பின்னே யார்?

கார்த்திக், காலை 11:20
நான்தான், அம்மா. ஏழாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் 150 ரூபாய்க்கு வாங்கிச் செருப்புப் பெட்டியில் போட்டு எடுத்து வந்தேன். திருச்சிக்குக் கொண்டுவந்தால் நீங்கள் பழமொழி சொல்லித் துரத்துவீர்கள் என்று பயந்து, பெரிய மாமாவிடம் விட்டுவிட்டுப் போனேன். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று அவர்தான் சொன்னார்.

கனகா அத்தை, காலை 11:21
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கனகா அத்தை, காலை 11:38
மூர்த்தி, மனுவில் மூன்று இடங்களில் சந்திப்பிழை இருக்கும், இங்கே அனுப்பு. சிறுவன் ஒருவன் அறியாமல் வாங்கி வந்தது என்று எழுதினால் போதும், பெயர் தேவையில்லை.

சரோஜா பெரியம்மா, காலை 11:45
18 ஆண்டுகள் என் வீட்டைச் சொன்ன வாய்க்கு இப்போது பெயர் தேவையில்லை. நல்லது.

மூர்த்தி சித்தப்பா, நண்பகல் 12:10
பெயர் தேவை. பெயரில்லாத மனு மொட்டைக் கடுதாசி ஆகிவிடும். மனுதாரராக அண்ணி கையெழுத்திடட்டும். கார்த்திக் தனியாக ஒரு விளக்கக் கடிதம் கொடுக்கட்டும். சட்டம் தெரிந்த ஒருவரிடம் இரண்டையும் காட்டிவிட்டுப் பிறகு கொண்டுபோவோம். சனிக்கிழமை அலுவலகம் விடுமுறையாக இருக்கும். திங்கள் காலை 10 மணிக்குப் போகலாம்.

சுந்தர் அண்ணா, நண்பகல் 12:14
நான் சனி, ஞாயிறுதான் வர முடியும். திங்களன்று வித்யா உடன் போவாளா?

நான், நண்பகல் 12:16
அரை நாள் விடுப்புக் கேட்டுப் பார்க்கிறேன். கார்த்திக் கடிதம் தருவானா என்பது தெரிந்தால்தான் கேட்க முடியும்.

கார்த்திக், நண்பகல் 12:30
வீட்டில் பேசிவிட்டு இரவு சொல்கிறேன்.

சரோஜா பெரியம்மா, பிற்பகல் 1:05
திங்கள் அமாவாசை, அன்று நான் எதையும் வெளியே அனுப்ப மாட்டேன். செவ்வாயும் வேண்டாம். வெயில் ஏறியதால் இப்போது துளசி மாடத்து நிழலில் ஒதுங்கியிருக்கிறாள். தயிர் சாதம் வைக்கவில்லை. செம்பருத்தி இலை மட்டும் வைத்தேன்; முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள். வித்யா, வேறு என்ன இலை கொடுக்கலாம் என்று உன் தோழியிடம் கேட்டுச் சொல்.