மறு: புதிய இயங்குதளம் வந்ததும் சாட்பாட் பதில்களைத் திருத்துவது: என்ன சொல் வைக்கலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

விண்டோஸ், ஐஓஎஸ் மாதிரி ஓர் இயங்குதளம் புதிதாக வரும்போது சாட்பாட்டின் பதில்களைத் திருத்துகிறோமே, அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று சென்ற மடலில் கேட்டிருந்தேன். ஒரு சொல் கேட்டேன், ஒரு கூடை வந்து சேர்ந்திருக்கிறது. எல்லாருக்கும் நன்றி. வந்தவற்றை எங்கள் பதில் பட்டியலில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சண்டை போட வசதியாக இருக்கும்: 'அப்டேட்' என்ற வேலைக்கு இன்னொரு பெயர் தேவையில்லை. அந்த வேலையைச் செய்யாவிட்டால் வருகிற கோளாறுக்குத்தான் தமிழில் பெயர் இல்லை. அதற்கு 'பதிப்பு மாறாட்டம்' (பதிப்பு என்றால் இங்கே வெர்ஷன்) என்று வைக்கலாம் என்பது என் கட்சி.

குழுவுக்குப் புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. சிங்கப்பூரில் கணினி, கைத்தொலைபேசிச் சிக்கல்களுக்கு நான்கு மொழிகளிலும் பதில் சொல்லும் ஒரு சாட்பாட்டில் தமிழ்ப் பதில்கள் என் பொறுப்பு. கேட்பவர்களில் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கடை வைத்திருப்பவர் உண்டு, தங்கும் விடுதியில் இருக்கும் ஊழியர் உண்டு, பேரன் விட்டுச்சென்ற மடிக்கணினியோடு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் உட்கார்ந்திருக்கும் தாத்தா உண்டு. வருகிற கேள்வி பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கும்: "அண்ணே, அப்டேட் பண்ணச் சொல்லுது, பண்ணலாமா?" (சாட்பாட்டை அண்ணே என்று கூப்பிடுகிறார்கள். நாங்களும் திருத்தப் போகவில்லை.)

இந்த ஒரு கேள்விக்கு எத்தனை பதில் என்று பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. எனவே 'விண்டோஸ் 11-க்கு மாறிக்கொள்ளுங்கள்' என்று எழுதிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் 11 ஏற வேண்டுமானால் கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பிடமும் வேண்டும், செயலி மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான். கடைக்காரரின் பில் போடும் கணினி அதற்கு முந்தையது. அவருக்குச் சொல்ல வேண்டியது நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்பைப் பற்றி, அதாவது ஆதரவு முடிந்த பிறகும் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும் ஏற்பாடு. வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்தார்கள். அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் காப்புச் செய்தால் இலவசம், இல்லையென்றால் 30 அமெரிக்க டாலர் என்றும் சொன்னார்கள். மூன்றாவது ஆள் ஏற்கெனவே 11-இல்தான் இருக்கிறார். அவருக்கு வந்திருப்பது சாதாரண மாதாந்தரப் புதுப்பிப்பு, 'பண்ணுங்க அண்ணே' என்றால் போதும். மூன்று பதிலும் ஒரே நாளில் சரி. ஒருவருக்கு உரியதை இன்னொருவருக்குச் சொன்னால் மூன்றும் தப்பு.

இதை வைத்துக்கொண்டு வந்த சொற்களைப் பார்ப்போம்.

'இற்றைப்படுத்தல்' நல்ல சொல். விக்கிப்பீடியாவிலும் மென்பொருள் இடைமுகங்களிலும் நன்றாக ஊறிவிட்டது. அதில் எனக்கு இரண்டு சங்கடம். பயனர் தன் கணினியில் செய்வதற்கும் அதே சொல், நாங்கள் பதில்களில் செய்வதற்கும் அதே சொல் என்றால், 'இற்றைப்படுத்தியாயிற்று' என்று யாராவது குறிப்பெழுதும்போது எது ஆயிற்று என்று திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. அதைவிடப் பெரியது, சொல்லுக்குள்ளேயே 'இன்று' இருக்கிறது. இன்றைக்கு உரியதாக ஆக்கு, நேற்றையதைத் தூக்கிப் போடு என்று அது சொல்கிறது. மேலே உள்ள கடைக்காரருக்கு வேண்டியது நேற்றைய பதில்தான்.

சென்னை ஐயா சொன்ன 'மறுபயிற்சி' ஆங்கிலத்தில் பரவலாகப் பேசப்படும் 'ரீட்ரெய்னிங்' என்ற வார்த்தைக்கு நேரானது, ஆனால் நடப்பது அது இல்லை. பழைய வகை சாட்பாட்டில் பதில்கள் கையால் எழுதியவை. கேள்வியின் நோக்கத்தைக் கண்டுபிடிப்பதற்கு மட்டும் மாதிரி வாக்கியங்கள் கொடுத்துப் பழக்குவோம். இப்போதைய மொழி மாதிரி (சாட்ஜிபிடி போல, தானே வாக்கியம் அமைக்கும் நிரல்) வகையில், உதவிக் கட்டுரைகளைத் துண்டு துண்டாக்கிச் சேமித்துவைத்து, கேள்விக்குப் பொருந்தும் துண்டுகளை எடுத்து மாதிரியின் கையில் கொடுக்கிறோம், அது கோத்துச் சொல்கிறது. புதிய இயங்குதளம் வந்தால் மாற்றுவது அந்தத் துண்டுகளை. மாதிரி அப்படியே இருக்கிறது. 'மறுபயிற்சி' என்று நாம் எழுதிவைத்தால் மேலாளர் அதற்குச் செலவு எவ்வளவு என்று கேட்பார்.

கோலாலம்பூர் அக்கா எழுதிய 'ஊசிப்போன பதில்' வந்த அன்று எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமாகக் கிடைக்காது. ஆனாலும் ஊசிப்போன சாம்பார் யாருக்குமே ஆகாது, விண்டோஸ் 10 பதில் இன்னும் பலருக்கு ஆகும். பட்டியலில் ஏற்றத் தயக்கமாக இருக்கிறது.

அதிகம் பேர் ஆதரித்தது 'காலாவதி'. இங்கே எல்லாருக்கும் தெரிந்த சொல், வேலை அனுமதி அட்டையிலிருந்து ரொட்டிப் பொட்டலம் வரை. அதனால்தான் அதைக் கொஞ்சம் நிதானமாக மறுக்க வேண்டியிருக்கிறது. காலாவதி என்றால் ஒரு தேதி முன்கூட்டியே போட்டிருக்கும், அந்தத் தேதிக்குப் பிறகு செல்லாது, செல்லாதது திரும்பச் செல்லாது. சாட்பாட் பதில் இந்த மூன்றுக்குமே கட்டுப்படுவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறப்பது எப்படி என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-இல் கீழே உள்ள பணிப்பட்டையில் வலச்சொடுக்கினால் பட்டியலில் இருக்கும். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது அந்தப் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். அந்தப் பதில் 'காலாவதி' ஆனது. பயனர்கள் முணுமுணுத்தார்கள். 2022-இல் அடுத்த பெரிய பதிப்புக்கு அதைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். இப்போது அந்தப் பழைய பதில் மறுபடியும் சரி! காலாவதியான கடப்பிதழ் (பாஸ்போர்ட்) ஓராண்டு கழித்துத் தானாகச் செல்லுபடியானதாக யாராவது கேள்விப்பட்டிருக்கிறோமா?

ஆக, பதிலில் பழுது இல்லை. அது போய்ச் சேர்ந்த இடம் தப்பு. ஒரு பதிப்புக்கான பதில் இன்னொரு பதிப்புக்காரரிடம் போய், தான்தான் சரியான பதில் என்று நின்றுகொள்கிறது. ஆள்மாறாட்டம் என்று தேர்வு அறையில் சொல்கிறோமே, அதேதான். பதிப்பு மாறாட்டம். முதல் முறை கேட்பவருக்கும் விளக்கம் வேண்டாம் என்பது இதன் பலம். அலுவலகத்தில் கணினி அறியாத ஒருவரிடம் வெறும் சொல்லை மட்டும் சொல்லி என்ன புரிகிறது என்று கேட்டேன். "வேற வெர்ஷனோட பதிலைக் குடுத்துட்டாங்களா?" என்றார்.

இதற்கு ஒரு மறுப்பு வரும், நானே எழுதிவிடுகிறேன். ஆள்மாறாட்டத்தில் ஏமாற்றும் எண்ணம் இருக்கிறது, இயந்திரத்துக்கு ஏது எண்ணம்? உண்மைதான். ஆனால் 'மாறாட்டம்' என்ற சொல்லுக்குத் தடுமாற்றம், ஒன்றுக்கொன்று மாறிப்போதல் என்ற பொருளும் உண்டு, அங்கே வஞ்சகம் கட்டாயமில்லை. தவிர, மொழி மாதிரி தப்பான பதிப்பின் பதிலைச் சொல்லும்போது அது பேசுகிற தோரணை இருக்கிறதே, தயக்கமே இராது. கொஞ்சம் வஞ்சக வாடை சொல்லில் ஒட்டியிருந்தால் எனக்கு வருத்தமில்லை.

மாறாட்டத்திலேயே மோசமானது பாதி மாறாட்டம். சேமிப்பில் 10-க்கான கட்டுரையும் இருக்கிறது, 11-க்கான கட்டுரையும் இருக்கிறது, இரண்டுக்கும் தலைப்பு 'அச்சுப்பொறி சேர்ப்பது'. 10-இல் செட்டிங்ஸ் போய் 'டிவைசஸ்'. 11-இல் செட்டிங்ஸ் போய் 'புளூடூத் அண்ட் டிவைசஸ்'. துண்டுகளுக்குப் பதிப்பு முத்திரை போடாமல் விட்டால் முதல் படி இதிலிருந்தும் மூன்றாம் படி அதிலிருந்தும் வரும். முழுக்கத் தப்பாக இருந்தால் பயனர் முதல் படியிலேயே நின்று திட்டுவார். பாதி சரியாக இருந்தால் நான்காம் படிவரை வந்து, தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்வார். இதற்குத் தனிச்சொல் வேண்டாம், 'கலவைப் பதில்' என்றாலே போதும்.

ஆப்பிள் பக்கம் வேறொரு வேடிக்கை. 2025 செப்டம்பரில் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 18-க்கு அடுத்து நேரே 26 வந்தது, எண்ணை ஆண்டோடு இணைத்துவிட்டார்கள். '19 எப்போ வரும்' என்று கேட்பவருக்கும் ஒரு பதில் எழுதிவைக்க வேண்டியதாயிற்று. ஐபோன் எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் வைத்திருப்பவர்களுக்கு 26 கிடையாது, ஐபோன் 11-லிருந்துதான். அவர்களுக்கு 18-இன் பதில்களை அழிக்கக் கூடாது. கூடவே புதிய தோற்றமும் வந்தது, லிக்விட் கிளாஸ். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கேட்பதில்லை. "போன் கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு, எழுத்து தெரியல" என்றுதான் வருகிறது. அந்த வாக்கியங்களை மாதிரி வாக்கியங்களில் சேர்ப்பது தனி வேலை. பதில் என்ன? 26.0-இல் அணுகல்வசதிப் பகுதியில் 'ரெட்யூஸ் டிரான்ஸ்பரன்சி'யை இயக்கச் சொல்ல வேண்டும். 26.1-இல் திரை அமைப்புக்குள்ளேயே தெளிவாக வேண்டுமா, சாயம் கலந்து வேண்டுமா என்று தேர்ந்தெடுக்க இடம் கொடுத்துவிட்டார்கள். புள்ளிக்குப் பின்னால் ஓர் எண் மாறினாலும் பதில் மாறுகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, கோளாறுக்குப் பெயர் ஆயிற்று. அதைத் தடுக்கிற வேலைக்கு? பதிலைப் பதிப்பு பதிப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தி, பழையதையும் பக்கத்தில் வைத்திருப்பது. 'பதிப்புவாரிப் பிரிப்பு' என்று எழுதிவருகிறேன். 'வாரி' தமிழா என்று ஐயா கேட்பார் என்று தெரியும். தூய தமிழ் இல்லைதான். ஆனால் 2025 மே மாதப் பொதுத்தேர்தலில் தொகுதிவாரியாக முடிவு வந்தபோது அந்தச் சொல் யாருக்கும் உறுத்தவில்லை. 'பதிப்புதோறும்' என்று மாற்றிப் பார்த்தேன். அது 'ஒவ்வொரு பதிப்பிலும் ஒன்றே' என்ற பொருளைத் தருகிறது, நமக்கு வேண்டியது நேர் எதிர்.

யாழ்ப்பாணத் தம்பி கிளப்பிய கேள்விக்கு வருகிறேன். ஓஎஸ் என்பதற்கு இலங்கைப் பாடநூல்களில் 'பணிசெயல் முறைமை', இங்கே நாம் 'இயங்குதளம்'. இதில் நான் தலையிடவில்லை, இரண்டும் புழங்கட்டும். ஆனால் 'பதிப்பு' பற்றி அவர் சொன்னது நியாயம்: விண்டோஸில் ஹோம், புரோ என்பதும் பதிப்பு, 24எச்2 போன்ற வெர்ஷன் எண்ணும் பதிப்பு என்றால் குழப்பம்தானே? ஹோம், புரோவுக்கு 'வகை' என்று வைத்துவிடலாம். ஹோம் வகை, புரோ வகை. எண்ணோடு வருவது மட்டும் பதிப்பு. புத்தகத்துக்கு உரிய சொல் ஆயிற்றே என்றால், வெர்ஷன் என்ற பொருளில் 'பதிப்பு' மென்பொருள் உலகில் நிலைத்துப் பல காலம் ஆகிறது.

ஒரு எச்சரிக்கை மட்டும். இந்தச் சொற்கள் நமக்கும் நம் ஆவணங்களுக்கும். பயனரிடம் 'தங்கள் பதிப்பு யாது' என்று சாட்பாட் கேட்கத் தேவையில்லை, தாத்தா புத்தகத்தைத் தேடுவார். இங்கே தமிழில் கேட்பவர்களிலும் பலர் திரையை ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறார்கள், அதனால் நாங்கள் 'செட்டிங்ஸ்' என்றே எழுதுகிறோம். தமிழ்த் திரை வைத்திருக்கும் ஆண்ட்ராய்டுக்காரருக்கு அதே இடத்தில் 'அமைப்புகள்' என்று தெரியும். இந்த இரட்டை வேலை தமிழ்ப் பக்கத்துக்குக் கூடுதல் சுமை: திரையில் உள்ள மொழிபெயர்ப்பை அவர்கள் மாற்றினால், ஆங்கிலப் பதில் அப்படியே இருக்கும், நம்முடையது மட்டும் மாறிப்போகும். பதிப்பு கேட்க ஸ்டார்ட் பொத்தான் நடுவில் இருக்கிறதா, இடது ஓரத்தில் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தோம். 11-இலும் அதை இடதுபக்கம் நகர்த்திக்கொள்ளலாம் என்பதால் கைவிட்டோம். இப்போது விண்டோஸ் விசையையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் ஆங்கில எழுத்தில் 'வின்வெர்' என்று அடிக்கச் சொல்கிறோம். பெட்டியில் எண்ணே வந்துவிடும்.

1997-இல் தமிழ்நெட் 97 என்ற தமிழ்க் கணினி மாநாடு இங்கே சிங்கப்பூரில் கூடியது, தமிழ்99 விசைப்பலகை முடிவானது 1999-இல் சென்னையில். அது விசைப்பலகை, பொறுத்துக்கொள்ளலாம். இந்தச் சொல்லுக்கு அவ்வளவு நாள் வேண்டாம், அடுத்த பட்டியலில் ஏற்ற வேண்டியிருக்கிறது.

பட்டியலில் நான் போட நினைப்பது: பதிப்பு மாறாட்டம், கலவைப் பதில், பதிப்புவாரிப் பிரிப்பு, பதிப்பு முத்திரை. தீராதது ஒன்று: 26.1, 24எச்2 போன்ற இடைப்பட்டவற்றை என்ன சொல்வது? 'உட்பதிப்பு' என்றால் உள்ளே அச்சடித்தது போலக் கேட்கிறது, 'சிறுபதிப்பு' என்றால் ஏதோ மலிவுப் பதிப்பு போல இருக்கிறது. தம்பி, அங்கே உயர்தரப் பாடநூலில் ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை புரட்டிப் பார்க்க முடியுமா? அக்காவுக்கும் ஏதாவது தோன்றினால் எழுதுங்கள், ஊசிப்போகிற மாதிரி இல்லாமல்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து