ஆம்னிஷாம்பிள்ஸ்: தமிழில் என்ன போடலாம்?

அன்பர்களே, வெள்ளிக்குள் வசனவரி கொடுத்தாக வேண்டும். பிபிசியின் அரசியல் நையாண்டித் தொடர் 'தி திக் ஆஃப் இட்', 2009. பிரதமரின் ஊடகத் தொடர்பாளர் மால்கம் டக்கர், புது அமைச்சர் நிக்கோலா மர்ரியை முகத்துக்கு நேரே 'ஆம்னிஷாம்பிள்ஸ்' என்று திட்டுகிறார். தொட்டதெல்லாம் சொதப்பும் ஆள் என்று பொருள். 'முழுக்குளறுபடி' போட்டுப் பார்த்தேன், சப்பென்று இருக்கிறது.
– வசனவரிக்காரி

> முழுக்குளறுபடி
'அனைத்தலங்கோலம்' என்க. 'ஆம்னி' இலத்தீன், அனைத்தும். 'ஷாம்பிள்ஸ்' ஆதியில் இறைச்சி விற்ற பலகை. பிறகு கசாப்புக்கடை, வெட்டுக்களம், கடைசியில்தான் அலங்கோலம். யார்க் நகரில் அந்தப் பெயரிலேயே பழைய கசாப்புத் தெரு இருக்கிறது. பரணி பாடிய மொழிக்கு வெட்டுக்களம் புதிதா? 'களம்' வருமாறும் யோசிக்கலாம்.
– பா.

ஐயா, வரி திரையில் இரண்டு நொடி நிற்கும். 'அனைத்தலங்கோலம்' என்பதைப் பிரித்துப் படிப்பதற்குள் டக்கர் நாலு கெட்ட வார்த்தை பேசி முடித்திருப்பார். 'சர்வகுளறுபடி' போடுங்கள் அக்கா.
– குமரித்தம்பி

> சர்வகுளறுபடி
சர்வம் வடசொல், தம்பி.
– பா.

மூலமே இலத்தீன் தலையும் ஆங்கில உடலும்தானே ஐயா? ஒட்டுக்கு ஒட்டு.
– குமரித்தம்பி

இடையில் ஒன்று. தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள் (நேரடி வசை), பழிகரப்பு (மறைத்துச் சொல்லும் வசை) என இரண்டாக்குகிறார். டக்கர் செம்பொருள். 1980இல் தொடங்கிய பிபிசி நகைச்சுவைத் தொடர் 'யெஸ் மினிஸ்டர்' பழிகரப்பு: துறைச் செயலர் சர் ஹம்ஃப்ரி அமைச்சரின் முடிவை 'துணிச்சலானது' என்று புகழ்ந்தாலே அமைச்சருக்கு வேர்த்துவிடும். தொண்டைமானின் பளபளக்கும் ஆயுதங்களை ஔவை புகழ்ந்த அதே வேலை.
– செய்யுளியல் பித்தன்

அண்ணா, அருமை. எனக்கு ஒரே ஒரு சொல்தான் வேண்டும்.
– வசனவரிக்காரி

எங்கள் ஆத்தா 'கந்தரகோலம்' என்பாள். 2012 ஏப்ரலில் பிரிட்டனின் அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் எட் மிலிபாண்ட் நாடாளுமன்றத்தில் அந்த ஆண்டு பட்ஜெட்டை 'ஆம்னிஷாம்பிள்ஸ்' என்றுதான் சாடினார். அதே ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் இதைப் பிரிட்டனுக்கான ஆண்டின் சொல்லாக்கினார்கள். பட்ஜெட் கந்தரகோலமானது என்றால் பொருந்துகிறது. 'நீ ஒரு கந்தரகோலம்' என்றால் கொஞ்சம் இடிக்கிறது.
– மதுரைக்காரன்

ஆளைச் சொல்ல 'நடமாடும் குளறுபடி' போதுமே?
– செய்யுளியல் பித்தன்

அது விளக்கம், சொல் அன்று.
– பா.

சர்வகுளறுபடிக்கு நால்வர், அனைத்தலங்கோலத்துக்கு ஐயா ஒருவர். 'நீ ஒரு சர்வகுளறுபடி' என்றே அனுப்பிவிட்டேன். நன்றி.
– வசனவரிக்காரி

'முற்றுக்குளறுபடி' என்றாவது திருத்தியிருக்கலாம். மறுபதிப்பு உண்டா?
– பா.