மெக்சிகோ நகரில் நவம்பர் 2: கல்லறை இல்லாத அப்பாவின் படத்தைப் படையலில் வைக்கலாமா?

தங்கச்சிமடத்து அக்கா:
என் தம்பி மெக்சிகோ நகரில் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. அவன் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மையார், நவம்பர் 1, 2 தேதிகளுக்காகத் தம் வீட்டுக் கூடத்தில் வைக்கும் இறந்தோர் படையலில் எங்கள் அப்பாவின் படத்தையும் வைக்கச் சொல்லியிருக்கிறார். நாங்கள் கத்தோலிக்கர்கள், அதே நவம்பர் 2 அன்றுதான் எங்களுக்கும் கல்லறைத் திருநாள். ஆனால் அப்பா பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் வல்லம் என்னும் நாட்டுப்படகில் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. அவருடைய ஐஸ்பெட்டி மட்டும் கரை ஒதுங்கியது. ஊரே கல்லறைகளுக்கு வெள்ளையடித்துப் பூ வைக்கும் நாளில், நாங்கள் தாத்தாவின் கல்லறை மேல் ஒரு மெழுகுவர்த்தியைக் கூடுதலாக ஏற்றிவிட்டு வந்துவிடுகிறோம்.

அம்மா அரைமனதாகச் சம்மதித்திருந்தார். அதற்குள் தம்பி வாட்ஸ்அப் அழைப்பில் சர்க்கரையால் செய்த மண்டையோடு ஒன்றைக் காட்டினான். அதன் நெற்றியில் அவன் பெயரே எழுதியிருந்தது. உயிரோடிருக்கும் பிள்ளையின் பெயரை மண்டையோட்டில் எழுதுவார்களா என்று அம்மா இரண்டு நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த ஊர் வழக்கம் தெரிந்தவர்கள் விளக்குங்கள். அங்கே எதைப் போய்ப் பார்க்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

ராமநாதபுரத்தான்:
நான் அந்த நகரில் ஆறு ஆண்டுகள் இருந்தவன். முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள்: அந்தச் சர்க்கரை மண்டையோடு சாபமன்று, தின்பண்டம். நண்பர்கள் ஒருவருக்கொருவர் பெயர் எழுதிக் கொடுத்துக் கேலி செய்துகொள்வார்கள். பிள்ளைகள் கடித்துத் தின்றுவிடுவார்கள்.

படையலை அவர்கள் 'ஒஃப்ரெண்டா' என்கிறார்கள். நவம்பர் 1 இறந்த குழந்தைகளுக்கு, 2 பெரியவர்களுக்கு. படம், மெழுகுவர்த்தி, கோப்பால் என்னும் பிசினின் புகை (ஏறக்குறைய நம் சாம்பிராணிதான்), எலும்பு வடிவில் மாவைத் திரித்து மேலே ஒட்டிச் சுட்ட இனிப்பு ரொட்டி, இறந்தவர் விரும்பிய உணவு, ஒரு குவளைத் தண்ணீர், கொஞ்சம் உப்பு ஆகியவற்றை வைப்பார்கள். வெகுதூரம் நடந்து வருகிறவருக்குத் தாகம் எடுக்கும் என்பதற்காகத்தான் தண்ணீர். வாசலிலிருந்து படையல் வரைக்கும் உதிர்த்த பூவைப் பாதையாகத் தூவுவார்கள். அந்தப் பூ வேறெதுவுமில்லை, நாம் கேந்தி என்றும் செண்டுப்பூ என்றும் சொல்வதேதான். அதன் தாய்நிலமே மெக்சிகோ. 'செம்பசூச்சில்' என்ற பெயருக்கு அவர்களுடைய நாவாட்டில் மொழியில் 'இருபது பூ' என்று பொருள். நகரின் தெற்கே சொச்சிமில்கோவில் அக்டோபரில் வயல் வயலாக மஞ்சளாகக் கிடக்கும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். படையல் அமைப்பது வீட்டில். வருகிறவருக்கு வழி காட்டுவது பூவும் புகையும் வெளிச்சமும். உடல் எங்கே கிடக்கிறது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

பார்ப்பதற்கு என்றால், பெரிய ஊர்வலத்தைத் தவிர்க்கலாம் என்பது என் கருத்து. 2015இல் வெளியான ஜேம்ஸ் பாண்ட் படத்தின் தொடக்கக் காட்சிக்காகக் கற்பனையாக எடுத்த ஊர்வலம் அது. அதைப் பார்த்துவிட்டு 2016 முதல் நகர நிர்வாகம் நிஜமாகவே நடத்தத் தொடங்கியது. அழகுதான், ஆனால் நெரிசலில் முதுகுகளைத்தான் பார்ப்பீர்கள். நகரின் தென்கிழக்கு விளிம்பில், த்லாவாக் பகுதியில் மிஸ்கிக் என்றோர் ஊர் இருக்கிறது. நவம்பர் 2 இரவு அங்கே தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டம் முழுவதும் மெழுகுவர்த்திகளாக இருக்கும். அங்கும் கூட்டம்தான், ஆனாலும் கல்லறை ஓரத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கும் கிழவிகளைப் பார்த்தால் நம்மூர் நினைவு வரும். தம்பியை அங்கே அனுப்புங்கள்.

பாம்பன் உபதேசியார்:
மேலே சொன்னதில் எனக்கு ஒரு சிறு மாறுபாடு உண்டு. நவம்பர் 1, 2 ஆகிய தேதிகள் ஸ்பானியர் வழியாகச் சென்ற நம் திருச்சபையின் நாட்கள். படையல் அதற்கும் முந்திய அந்த மண்ணின் வழக்கம். இரண்டும் கலந்த இந்தத் திருநாளை யுனெஸ்கோ 2008இல் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. படம் வைப்பதில் தவறில்லை, மகளே. ஆனால் ஆன்மா வந்து உண்கிறது என்று நாம் நம்புவதில்லை. தம்பி அங்கே அப்பா பெயரில் ஒரு பூசைக்கும் கொடுக்கட்டும்.

ராமேஸ்வரவாசி:
அக்கினி தீர்த்தத்தில் தை, ஆடி, மகாளய அமாவாசைகளில் எள்ளும் தண்ணீரும் இறைக்க வருகிறவர்களில் உங்களைப் போன்றவர்களையும் பார்த்திருக்கிறேன். உடல் கிடைக்காதவருக்குத் தருப்பையால் உருவம் செய்து காரியம் முடிக்கும் முறையே எங்களிடம் உண்டு. ஆகவே மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தங்கச்சிமடத்து அக்கா:
அனைவருக்கும் நன்றி. உபதேசியார் ஐயா, பூசைக்குத் தம்பியிடம் சொல்லிவிட்டேன். குடும்ப அட்டைக்காக எடுத்த படத்தைப் பெரிதாக்கி அனுப்பியிருக்கிறோம். அப்பாவுக்கு வேறு படம் கிடையாது. எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மீன் எதுவும் வைக்க வேண்டாம், வறுக்கியும் கடுந்தேநீரும் போதும் என்கிறார். தண்ணீர் மட்டும் ஒரு குவளை போதாதாம், ஒரு செம்பு நிறைய நல்ல தண்ணீர் வைக்க வேண்டுமாம். உப்பை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கார அம்மையார் அதற்குச் சம்மதிப்பாரா என்று தம்பி இன்று கேட்டுச் சொல்வான்.