சிங்கப்பூர் - நியூயார்க் விமானம்: இணையதளத்தில் 17 மணி, டிக்கெட்டில் 18 மணி 40 நிமிஷம். எது சரி?

வழிப்போக்கன்:
சாங்கி (சிங்கப்பூர் விமான நிலையம்) - ஜேஎஃப்கே (நியூயார்க் விமான நிலையம்) தூரம் சுமார் 15,345 கி.மீ. இதில் தூரம் காட்டும் எல்லா இணையதளமும் ஏறக்குறைய ஒன்றுதான் சொல்கிறது. நேரத்தில்தான் இடிக்கிறது. மணிக்கு 900 கி.மீ. போட்டால் 17 மணி 3 நிமிஷம், 800 போட்டால் 19 மணி 11. செக்-இன் கவுண்டரில் ஒரு பெரியவர் மொபைலை நீட்டி, "டிக்கெட்ல தப்பா அடிச்சிருக்கீங்கம்மா, பதினேழு மணிதான்" என்று விடாமல் நின்றார். அந்தப் பெண்ணுக்கும் சொல்லத் தெரியவில்லை. யாராவது சொன்னால் தேவலை.

பழைய_டிஸ்பாட்சர்:
டிக்கெட் நேரம் என்பது விமானம் இங்கே கேட்டை (பயணிகள் ஏறி இறங்கும் வாயில்) விட்டு நகர்ந்ததிலிருந்து, அங்கே கேட்டில் நிற்பது வரை. ஜேஎஃப்கேயில் ஓடுபாதைக்கும் கேட்டுக்கும் இடையே ஊர்ந்து போவதிலேயே சில நாள் அரை மணி போய்விடும். தூரம் சரிதான். அட்சரேகையில் சாங்கி 1.36 பாகை வடக்கு, ஜேஎஃப்கே 40.64. தீர்க்கரேகை வித்தியாசம் கிட்டத்தட்ட 178 என்பதால் குறுக்குவழி வடதுருவத்தை உரசிக்கொண்டு போகும். துருவம் வரை 88.64, மறுபக்கம் 49.36, ஆக 138 பாகை. பாகைக்கு 111.2 கி.மீ. பெருக்கிக்கொள்ளுங்கள். ஆனால் நியூயார்க் போகும்போது பெரும்பாலும் பசிபிக் வழிதான். ஜெட் ஸ்ட்ரீம் (உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பலத்த காற்று) பின்னாலிருந்து தள்ளும்போது சில நூறு கி.மீ. சுற்றினாலும் லாபம்.

கீதா_கேபின்:
நேரத்தைவிட, இறங்குவது இரண்டு நாள் கழித்து என்று டிக்கெட்டில் காட்டும் '+2' தான் ஆளைக் கவிழ்க்கும். ஜேஎஃப்கேயில் வெள்ளி இரவு 10:30க்கு ஏறினால், 18 மணி 50 நிமிஷம் கழித்து நியூயார்க்கில் சனி மாலை 5:20. சிங்கப்பூரில் அப்போது ஞாயிறு காலை 5:20. இது கோடைக் கணக்கு, 12 மணி வித்தியாசம். நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை 13. ஒரு குடும்பம் சனி காலைச் சென்னை விமானத்தைத் தனி டிக்கெட்டில் போட்டிருந்தது. நடு வானில் அந்த அம்மா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார், பாதியில் நிறுத்திவிட்டார்.

தனி டிக்கெட் போடுகிறவர்கள் கவனிக்க: பின்னால் வரும் விமானம் தவறினால் முன்னால் வந்த நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை. பெட்டியும் தானாக மாறாது. ஒரே பிஎன்ஆரில் போடுங்கள். பயணத் தேதியை எடுத்துக்கொண்டு இரண்டு ஊர் நேரத்தையும் யுடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாற்றிக் கழியுங்கள். மருந்து சாப்பிடுகிறவர்கள் ஊர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் எத்தனை மணிக்கு ஒருமுறை என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வையுங்கள். மருந்தைக் கைப்பையில் வையுங்கள்.

ரன்வே_ராஜா:
டிஸ்பாட்சர் ஐயா, காற்று மட்டுமா? துருவப் பக்கம் எரிபொருள் உறைநிலையும் பார்க்க வேண்டும். சாங்கியில் ஏற்றும் ஜெட் ஏ-1 ரகம் உறைவது மைனஸ் 47 டிகிரி செல்சியஸில், அமெரிக்காவில் கிடைக்கும் ஜெட் ஏ ரகம் மைனஸ் 40இல். அதனால் நியூயார்க்கிலிருந்து திரும்பும்போதுதான் நெருக்கடி. தொட்டி ரொம்பக் குளிர்ந்தால் கீழே இறங்கணும், இல்லை வேகம் கூட்டணும். இரண்டிலும் எண்ணெய் கூடுதலாகப் போகும். இந்த வழியில் ஓடும் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நீண்ட தூர ரகம்) விமானத்தில் 1,65,000 லிட்டர் கொள்ளும், சுமார் 132 டன். புறப்பாட்டு உச்ச எடையே 280 டன்தான். எண்ணெயைச் சுமக்கவே எண்ணெய் எரிகிறது. அதனால்தான் 161 இருக்கை, எகானமி கிடையாது, முன்பக்கச் சரக்கறையும் மூடல்.

பழைய_டிஸ்பாட்சர்:
காற்று மட்டும் என்று நான் எங்கே சொன்னேன் தம்பி?

வழிப்போக்கன்:
சரி, அந்தப் பெரியவருக்கு ஒரு வரியில் என்ன சொல்வது?

பழைய_டிஸ்பாட்சர்:
தூரம் காட்டும் தளத்தை மூடிவிட்டு, ஃப்ளைட் நம்பரை டிராக்கரில் (விமானங்களின் போக்கைக் காட்டும் தளம்) போட்டு, போன வாரம் ஏழு நாளும் கேட்டிலிருந்து கேட் வரை எவ்வளவு ஆனது என்று பார்க்கச் சொல்லுங்கள்.