அய்யனார் துணை 🙏 (குடும்பக் குழு)

மீனா அத்தை: மார்ச் 3 கிரகணமாம். காலண்டர்ல போட்டிருக்கு. கோயிலுக்கு அந்தத் தேதியக் குறிச்சது யாரு?

ரவி சித்தப்பா: நீங்கதானக்கா மாசி பௌர்ணமின்னு சொன்னீங்க

மீனா அத்தை: பௌர்ணமின்னேன். கிரகணமும் வேணும்னு கேட்டேனா?

கார்த்தி: பௌர்ணமி இல்லாம சந்திர கிரகணம் வராது அத்தை 😀

மீனா அத்தை: நீ பேசாத. தீபாவுக்கு அஞ்சாம் மாசம்.

ரவி சித்தப்பா: வேனுக்கு 3000 குடுத்தாச்சு. திரும்பி வராது

பெரியப்பா: முதல்ல நேரத்தப் பாருங்க. நிழல் பிடிக்கிறது பகல் 3.20. முழுசா மறையிறது 4.34ல இருந்து 5.33 வரை. விடுறது 6.47. நமக்கு நிலா எழும்புறதே 6.20 வாக்குல. கண்ணுக்குத் தெரியப்போறது கடைசி அரை மணி நேரம்தான், அதுவும் அடிவானத்துல. பூசைய 12க்குள்ள முடிச்சா நடை சாத்துறதுக்கு முன்னாடி இறங்கிடலாம்.

ரவி சித்தப்பா: 👍

பெரியப்பா: இதே கிரகணம் 2008 பிப்ரவரி 21லயும் வந்துச்சு. 223 சந்திர மாசம், அதாவது 6585 நாளும் ஏறக்குறைய 8 மணி நேரமும் கழிச்சு மறுபடி வரும். அந்த 8 மணி நேரத்தாலதான் வம்பு, பூமி மூணுல ஒரு பங்கு கூடச் சுத்திடுது. 2008ல நமக்குக் காலை 9 மணி, நிலாவே இல்ல. மூணு சுத்து, 54 வருசமும் ஒரு மாசமும் போனா திரும்பக் கிட்டத்தட்ட இதே நேரத்துக்கு வந்து நிக்கும். இந்த 18 வருசக் கணக்கப் பிடிச்சவங்க பாபிலோன்காரங்க.

சுகன்யா: பெரியப்பா ஆரம்பிச்சாச்சு

கார்த்தி: டீ போட்டுட்டு வரேன்

மீனா அத்தை: அண்ணே, கணக்கு இருக்கட்டும். தோசம் யாருக்கு?

பெரியப்பா: அதத்தான் சொல்ல வரேன். அவங்க சகுனத்தையெல்லாம் களிமண் பலகையில தொகுத்து வச்சாங்க. பேரு ஏனூமா அனு என்லில். சுமார் 70 பலகை, 7000 சகுனம் வரைக்கும். பலன் எல்லாம் ராஜா, நாடு, வெள்ளம், விளைச்சல் மேலதான். ஆள் ஆளுக்குத் தனி ஜாதகம் ரொம்பப் பின்னாடி. கிடைச்சதுல பழசு கி.மு. 410. அதுலயும் லக்னம் கிடையாது, கிரகம் எந்த ராசின்னு மட்டும் இருக்கும். லக்னம் எகிப்துல கிரேக்கக்காரங்க காலத்துல சேந்தது.

மீனா அத்தை: லக்னம் இல்லாம ஜாதகமா

பெரியப்பா: கிரகணத்துக்கு அவங்க பாத்தது என்ன மாசம், எத்தனாம் தேதி, ராத்திரி மூணு சாமத்துல எது, நிழல் எந்தப் பக்கம் ஏறி எந்தப் பக்கம் இறங்குச்சு, காத்து எங்கிருந்து. நிலாவ நாலு பங்காப் பிரிச்சு அக்காடு, ஏலாம், அமுர்ரு, சுபார்ட்டுன்னு நாட்டுக்கு ஒண்ணு. எந்தப் பங்கு இருண்டுச்சோ அந்த நாட்டு ராஜாவுக்கு ஆபத்து.

ரவி சித்தப்பா: நம்ம வீட்டுக்கு எந்தப் பங்கு

சுகன்யா: அத பாகப்பிரிவினையிலயே சொல்லலயே சித்தப்பா

அம்மா: சுகன்யா!!

பெரியப்பா: ஆபத்து தன் ராஜாவுக்குன்னா வேற ஒருத்தன சிம்மாசனத்துல உக்கார வைப்பாங்க. 100 நாள் வரைக்கும். நிஜ ராஜாவுக்குக் கடுதாசியில 'குடியானவர்'னு எழுதுவாங்க. அசீரியாவுல எசர்ஹத்தோன் (கி.மு. 681–669) பல தடவ செஞ்சிருக்கான். தவணை முடிஞ்சா உக்காந்தவன் கதை முடிஞ்சுது, சகுனம் பலிச்ச கணக்கு.

ரவி சித்தப்பா: வேன், சமையல்காரர், கிடா எல்லாத்தையும் என் தலையில கட்டுனது இதுக்குத்தானா

பெரியப்பா: தப்பிச்சவனும் உண்டு. ஈசின் நகரத்துல தோட்டக்காரன் ஒருத்தன உக்கார வச்சாங்க, நிஜ ராஜா சூடா கஞ்சி குடிச்சுச் செத்துட்டான்னு ஒரு வரலாற்றுக் குறிப்பு. தோட்டக்காரன் சிம்மாசனத்த விட்டு எழுந்திரிக்கவே இல்ல.

கார்த்தி: 😂😂 சித்தப்பா, பொங்கல் சூடா வைக்கச் சொல்லுங்க

பெரியப்பா: இன்னொண்ணு. கிரகணத்தப்போ வியாழன் தெரிஞ்சா ராஜாவுக்கு ஒண்ணும் ஆகாது. அன்னிக்கு குரு மிதுனத்துல, இருட்டுனதும் கிழக்கால நல்ல உயரத்துல பளிச்சுன்னு நிப்பாரு.

அம்மா: அப்ப தீபா வரலாமா?

மீனா அத்தை: குரு இருந்தா சரிதான். ஆனா 3 மணிக்கு வீட்டுக்குள்ள இருக்கணும்.

தீபா: நான் வரேன் அத்தை. பின்சீட் வேணாம்

ரவி சித்தப்பா: கிடா ஒண்ணா ரெண்டா? ஈரல் எனக்கு, இப்பவே சொல்லிட்டேன்

பெரியப்பா: அந்த ஊர்ல ஈரல் கறிக்கு முன்னாடி சாஸ்திரத்துக்கு. ஆட்டு ஈரல எடுத்துக் கோடு, குழி, பித்தப்பை எல்லாம் பாத்துப் பலன் சொல்வாங்க. பழகுறதுக்குக் களிமண்ணுல ஈரல் செஞ்சு, கட்டம் போட்டு எழுதி வச்சது பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு.

ரவி சித்தப்பா: மிளகு போட்டு வறுத்தாங்களா இல்லையா

மீனா அத்தை: கருப்புக்குக் கிடா ஒண்ணு போதும். கிளம்புறது எப்ப? செவ்வாய்க்கிழமை விடிஞ்சதும் செவ்வாய் ஓரை, ஆகாது. அடுத்தது சூரியன். 8.30க்கு சுக்கிர ஓரை, 9க்கு எமகண்டம். அந்த அரை மணிக்குள்ள வேன் ஏறணும்.

சுகன்யா: இதுவும் பாபிலோனா பெரியப்பா?

பெரியப்பா: இல்ல, இது கிரேக்கம். ஓரைங்கிறதே அவங்க சொல்லு. மெதுவாப் போறதுல இருந்து வேகம் வரை சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன். 24 ஓரைய ஏழால வகுத்தா மீதி 3. அதனால செவ்வாய்ல இருந்து மூணு தள்ளுனா மறுநாள் முதல் ஓரை புதன். கிழமை வரிசை வந்ததே அப்பிடித்தான். ராசி பன்னெண்டுதான் பாபிலோன். மகரம் அங்க ஆட்டுத்தலை மீனு, கன்னி கையில கதிர்.

மீனா அத்தை: 8.30க்குக் கிளம்புனா 12க்குள்ள பூசை ஆகுமா?

ரவி சித்தப்பா: கிடா உரிக்கவே ஒரு மணி நேரம் ஆகும்க்கா

அம்மா: 6 மணிக்குக் கிளம்பலாமே

மீனா அத்தை: செவ்வாய் ஓரையிலயா?

பெரியப்பா: 6 மணிக்கு விடியவே இல்ல. அது திங்கக்கிழமையோட கடைசி ஓரை, குரு.

மீனா அத்தை: …

மீனா அத்தை: சரி பாப்போம். வாழை இலை யாரு வாங்குறீங்க? போன தடவ மாதிரி கிழிசல் வேணாம்

கார்த்தி: டீ ஆறிடுச்சு