குறட்டை நடுவில் நின்றால் கவனியுங்கள்

குறட்டை விடுகிறவரோடு ஒரே அறையில் படுக்கும் எல்லோருக்கும் இந்தக் கேள்வி: எப்படிச் சமாளிக்கிறீர்கள்? முதலில் என் கதையைச் சொல்கிறேன்.

என் கணவருக்குக் கல்யாணமான புதிதிலிருந்தே குறட்டை உண்டு. எடை கூடக் கூடச் சத்தமும் கூடியது. தோளைத் தட்டினால் புரண்டு படுப்பார், கொஞ்ச நேரம் அமைதி, அப்புறம் பழையபடிதான். சத்தத்துக்கு ஒரு மாதிரி பழகிவிட்டேன். சத்தம் இல்லாத நேரம்தான் என்னைப் பயமுறுத்தியது. உச்சத்தில் போய்க்கொண்டிருக்கும் குறட்டை சட்டென்று நிற்கும். நெஞ்சு ஏறி இறங்கும், மூச்சு மட்டும் வராது. பிறகு, தண்ணீருக்குள் முங்கி எழுந்தவர் போல ஒரே இழுப்பாக இழுப்பார். காலையில் கேட்டால் நன்றாகத் தூங்கினேன் என்பார். ஆனால் எழும்போதே தலைவலி, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகல், மாத்திரை போட்டும் அடங்காத பிபி.

ஃபோனில் பதிவு செய்து போட்டுக் காட்டினேன். அதன் பிறகுதான் டாக்டரிடம் வரச் சம்மதித்தார். அங்கே அவரைவிட என்னிடம்தான் அதிகம் கேட்டார்கள். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சு போகும் வழி குறுகுகிறது. அதில் நெருக்கிப் போகும் காற்று அண்ணத்தின் பின்பகுதியையும் உள்நாக்கையும் அதிர வைக்கிறது, அதுதான் குறட்டை. வழி முழுசாக அடைத்துக்கொண்டால் சத்தமும் இல்லை, மூச்சும் இல்லை. இதற்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். இரவு முழுக்க வயர்களை ஒட்டிச் செய்யும் ஸ்லீப் ஸ்டடியில், மூச்சு 10 வினாடிக்குக் குறையாமல் நிற்பதையும் வெகுவாகக் குறைவதையும் எண்ணுகிறார்கள். பெரியவர்களுக்கு மணிக்கு 5 தடவைக்குள் என்றால் கவலையில்லை, 30 வந்தால் தீவிரம். இவருக்கு 30ஐத் தாண்டியிருந்தது.

இப்போது சிபேப் மெஷின் வைத்துத் தூங்குகிறார். முகமூடி வழியாக வரும் காற்றழுத்தம் தொண்டையை மூட விடாமல் வைத்திருக்கும். 1980 வாக்கில் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் உருவாக்கிய முறை இது. ஆரம்பத்தில் என் கணவர் பாதி ராத்திரியில் கழற்றி எறிந்துவிடுவார். முகமூடியின் அளவை மாற்றி, காற்றை ஈரப்படுத்தும் பகுதியையும் சேர்த்த பிறகுதான் ஒத்துவந்தது. மெஷின் வேண்டாம் என்று மூட்டை கட்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதையெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

*

என் அனுபவம் அறை நண்பரோடு. அவருக்கு மூச்சு நிற்பதில்லை, வெறும் குறட்டைதான். மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரிந்து சத்தம் வரும், ஒருக்களித்தால் பாதியாகக் குறையும். பனியன் முதுகில் பை தைத்து ஒரு பந்தைப் போட்டுக்கொண்டார், மல்லாந்தால் உறுத்தும். குடித்த இரவுகளில் மட்டும் எதுவும் பலிக்காது, தசைகள் இன்னும் தளர்ந்துவிடும். மூக்கடைப்பு இருக்கும்போதும் அப்படித்தான்.

எனக்கு உதவியது ஃபோம் இயர்பிளக். பலர் அதைக் காது வாசலில் செருகிவிட்டுப் பயனில்லை என்கிறார்கள். விரலால் மெல்லிய குச்சி மாதிரி உருட்டி, மறு கையால் காதை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து உள்ளே விட வேண்டும். அது விரியும் வரை விரலை எடுக்காதீர்கள்.

*

குறட்டை விடுகிற ஆள் நான்தான், பெண். மாதவிலக்கு நின்ற பிறகு ஆரம்பித்தது. உறவினர் வீட்டில் மற்றவர்களோடு படுக்கக் கூச்சப்பட்டு, எல்லோரும் தூங்கும் வரை விழித்திருப்பேன். பெண்கள் இதை டாக்டரிடம் சொல்வதே இல்லை. எப்போதும் அசதி என்று மட்டும் சொல்வோம், ரத்தசோகையா தைராய்டா என்று பார்த்து அனுப்பிவிடுவார்கள். அந்த வயதுக்குப் பிறகு பெண்களுக்கும் குறட்டையும் ஆப்னியாவும் கூடுகிறது என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. வீட்டில் யாராவது கேலி செய்தால் நிறுத்தச் சொல்லுங்கள். கேலிக்குப் பயந்துதான் இத்தனை காலம் மறைத்தேன்.

*

குழந்தை தினமும் குறட்டை விட்டால் 'அசந்து தூங்குகிறது' என்று விடாதீர்கள். என் மகன் வாயைத் திறந்துதான் தூங்குவான், பகலில் ஒரே படபடப்பு, படிப்பில் கவனம் நிற்காது. பார்த்தால் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் டான்சிலும் வீங்கியிருந்தன. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வாயை மூடித் தூங்குகிறான்.

*

முதலில் எழுதியவள்தான். உறவினர் வீட்டில் விழித்திருக்கும் அந்தச் சகோதரிக்கு: பக்கத்தில் படுக்க யாரும் இல்லாவிட்டாலும் ஃபோனைத் தலைமாட்டில் வைத்துப் பதிவு செய்யலாம். படுத்த முதல் மணி நேரத்தோடு நிறுத்திவிடாமல் விடியும் வரை ஓட விடுங்கள். கனவு வரும் தூக்கம் பின்னிரவில்தான் அதிகம், பலருக்கு மூச்சு அடைப்பும் அப்போதுதான் மோசமாகும். பதிவில் சத்தம் நின்று திரும்பும் இடங்களைக் குறித்து வைத்து, அதையே டாக்டருக்குப் போட்டுக் காட்டுங்கள்.